இடுப்பிலிருந்து தோளுக்கு: ரோந்துக் காவலரின் சுமை இடம்பெயர்ந்த வரலாறு

காவல்துறையின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வழியாகவும் சீர்திருத்தக் குழுக்களின் வழியாகவும் ஆயுதங்களின் வழியாகவும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. அந்த ஆயுதங்களைச் சுமந்துகொண்டு 8 மணி நேரமும் 12 மணி நேரமும் நின்றும் நடந்தும் உட்கார்ந்தும் வேலை செய்த உடலின் வழியாக எழுதப்பட்டது குறைவு. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ரோந்துக் காவலர் ஒருவரின் இடுப்பில் மட்டும் 7 முதல் 9 கிலோ வரை எடை தொங்கியது. சட்டைக்குள் அணிந்த குண்டு துளைக்காத அங்கியின் எடை அதற்கு மேல் சேர்ந்தது. இடுப்பு வலியும் கீழ்முதுகு வலியும் அந்த வேலையோடு கூடவே வருபவை என்று நெடுங்காலம் கருதப்பட்டன. அண்மைக் காலத்தில் இதற்கு மாற்றாகப் பரவியிருப்பது சுமைதாங்கு அங்கி. பெல்ட்டில் கோத்திருந்த பொருள்களில் பெரும்பகுதியை மார்பிலும் விலாவிலும் உள்ள பைகளுக்கு மாற்றி, எடையைத் தோள்களும் உடற்பகுதியும் பகிர்ந்துகொள்ளுமாறு தைக்கப்பட்ட கையில்லா மேலங்கி அது. இடுப்பிலிருந்து தோளுக்குச் சுமை ஏறிய இந்த வரலாற்றைப் பின்தொடர்ந்தால், சுமையை உடலில் எங்கே வைப்பது என்பதை உடற்கூறு மட்டும் முடிவு செய்வதில்லை, சுமப்பவர் நாளின் பெரும்பகுதியை எந்த நிலையில் கழிக்கிறார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பது விளங்கும்.

1829 செப்டம்பர் 29 அன்று லண்டன் தெருக்களில் முதன்முதலாகப் பணிக்கு இறங்கிய மாநகரக் காவலர்களுக்குச் சுமை என்று தனியே சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை. உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் உருவாக்கிய அந்தப் படைக்கு இராணுவச் சாயல் வந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அதன் உடையிலேயே தெரிந்தது. தரைப்படையின் செந்நிறத்தைத் தவிர்த்து நீலநிற வால்கோட்டும் உயர்ந்த தொப்பியும் வழங்கப்பட்டன. குறுந்தடி, கோட்டின் வால்பகுதியில் தைத்த நீண்ட பைக்குள் மறைந்திருந்தது. உதவிக்கு ஆள் அழைக்க மரத்தாலான கிலுகிலுப்பை ஒன்று கொடுக்கப்பட்டது. 1880களின் நடுப்பகுதியில் அதன் இடத்தை விசில் பிடித்துக்கொண்டது. இரவு ரோந்து செல்பவர்கள் தடித்த கண்ணாடி வில்லை பொருத்திய எண்ணெய் விளக்கை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டார்கள். வால்கோட்டு போய் மூடிய மேற்சட்டை வந்த பிறகும், தடி காற்சட்டையில் தைத்த நீண்ட பைக்கு இடம் மாறியதே தவிர வெளியே வரவில்லை. பிரிட்டனின் சாதாரணக் காவலர் 1990கள் வரை இந்த ஏற்பாட்டிலேயே இருந்தார் என்பதும், அவர் தம் எல்லையைக் காலால் நடந்தே சுற்றிவந்தவர் என்பதும் பின்வருவதைப் புரிந்துகொள்ளத் தேவையான செய்திகள்.

காவலரின் இடுப்பில் பொருள்களைத் தொங்கவிடும் வழக்கம் காவல்துறைக்குள் தோன்றியதன்று. அது குதிரைப்படையிலிருந்து வந்தது, அதிலும் குறிப்பாக இந்திய மண்ணிலிருந்து சென்றது. 1824இல் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பாரக்பூரில் பிறந்த சாமுவேல் பிரவுன், பஞ்சாப் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தபோது, 1858 ஆகஸ்ட் 31 அன்று இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பிலிபித் பகுதியில் கிளர்ச்சியாளரின் பீரங்கி ஒன்றைத் தாக்கச் சென்று, வாள்வீச்சில் இடக்கையைத் தோளோடு இழந்தார். அச்செயலுக்காக விக்டோரியா கிராஸ் விருதும் பெற்றார். வாளை உருவ வலக்கை போதும் என்றாலும், உருவும்போது உறையை ஆடாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கையின் வேலையைச் செய்யத்தான் அவர் அகலமான இடுப்பு பெல்ட்டையும், வலத்தோளின் மேலாகச் சாய்ந்து இறங்கி இடப்புறம் வாளின் எடையைத் தாங்கும் குறுக்குவாரையும் இணைத்தார். சாம் பிரவுன் பெல்ட் என்று பெயர்பெற்ற இந்த அமைப்பு, இரு கைகளும் உள்ள அதிகாரிகளுக்கும் வசதியாக இருந்ததால் பிரிட்டிஷ் படை முழுவதும் பரவியது. இந்தியக் காவல் அதிகாரிகளின் அணிவகுப்புச் சீருடையில் இன்றும் காணப்படும் கிராஸ் பெல்ட் அதன் வழிவந்ததே. இடுப்பில் ஏறும் எடையில் ஒரு பங்கைத் தோளுக்கு அனுப்பும் வழி இந்தப் பெல்ட்டின் பிறப்பிலேயே இருந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

முதல் உலகப்போரில் பிரான்சுக்குச் சென்ற அமெரிக்க அதிகாரிகள் இந்தப் பெல்ட்டை விரும்பி அணிந்தார்கள். போருக்குப் பின் அமெரிக்கக் காவல் நிலையங்களிலும் அது நிலைத்தது. வாள் இல்லாத காவலருக்கு அது கைத்துப்பாக்கியின் உறையையும் தோட்டாக்களையும் தாங்கியது. ஆனால், கைகலப்பில் எதிராளி பற்றி இழுக்கத் தோதாக மார்பின் குறுக்கே ஒரு வார் கிடப்பது ஆபத்து என்று உணரப்பட்டதால், தோள்வார் படிப்படியாகக் கழற்றப்பட்டது. பல அமெரிக்கக் காவல்துறைகளில் தோள்வார் இல்லாத இடுப்பு பெல்ட்டையே இன்றும் சாம் பிரவுன் என்று அழைக்கிறார்கள். அதன் அமைப்பு எளியது: காற்சட்டையின் வளையங்களில் கோத்த உள்பெல்ட்டின் மீது தடித்த தோலாலான வெளிபெல்ட் ஒன்று உட்காரும், கீப்பர் எனப்படும் சிறு தோல்வளையங்கள் இரண்டையும் சேர்த்துச் சுற்றி டிச் பட்டனால் பூட்டப்படும். தோளிலிருந்து எந்தத் தாங்கலும் இல்லாமல், வெளிபெல்ட்டில் கோத்த அனைத்தும் இடுப்பெலும்பின் விளிம்பில் நின்றன. நழுவாதிருக்கப் பெல்ட்டை இன்னும் இறுக்குவது ஒன்றே வழி.

சாம் பிரவுன் பெல்ட் பிறந்த காலத்தை ஒட்டியே படைத்துறை வேறொரு விடையை நோக்கிச் சென்றிருந்தது. நெட்லி படைமருத்துவப் பள்ளியில் சுகாதாரவியல் பேராசிரியராக இருந்த எட்மண்ட் பார்க்ஸ் பங்கேற்ற குழு ஒன்று, முதுகுச்சுமை படைவீரரின் உடலுக்குச் செய்யும் கேட்டை 1860களில் ஆராய்ந்தது. முதுகின் மேற்பகுதியில் ஏற்றிய மூட்டையும் மார்பை நெரிக்கும் வார்களும் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் தடுக்கின்றன என்பது அக்குழுவின் கவலை. எடையைக் கீழே இறக்கி, இடுப்புக்கு நெருக்கமாக உடலின் ஈர்ப்பு மையத்தை ஒட்டி வைத்து, தோளும் இடுப்பும் பகிர்ந்துகொள்ளச் செய்யும் புதிய சுமையமைப்பு 1871இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. மலையேறுவோரின் முதுகுப்பைகளில் இன்று காணப்படும் அகன்ற இடுப்புப்பட்டையும் இதே கொள்கையின் மீது அமைந்தது. நாள் முழுவதும் நடப்பவருக்கு இடுப்பே வலுவான தாங்குதளம். அங்கே சுமையை இறக்கினால் முதுகுத்தண்டின் பாரம் குறையும். இந்தக் கணக்கின்படி, காவலரின் இடுப்பு பெல்ட் சரியான இடத்திலேயே இருந்தது. அது எங்கே தவறியது என்பதற்கு விடை, பெல்ட்டின் மீது ஏறிய பொருள்களிலும், காவலர் ஏறி உட்கார்ந்த வாகனத்திலும் இருக்கிறது.

பெல்ட்டில் ஏறிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் இருந்தது. பல பொருள்களுக்கு ஒரு துயரமே காரணமாக இருந்தது. 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹால் என்ற ஊரில் நெடுஞ்சாலைக் காவலர்கள் நால்வர் சுட்டுக்கொல்லப்பட்ட பின்பு, ரிவால்வரில் ஆறு தோட்டாக்களையும் ஒரே நேரத்தில் நிரப்பும் சிறு கருவி அந்தத் துறையின் பெல்ட்டில் சேர்ந்தது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் இறந்ததும், ரிவால்வரை விட்டு அதிகத் தோட்டா கொள்ளும் பிஸ்டலுக்கு மாறும் போக்கு விரைவுபெற்றது. அத்துடன் உதிரி மேகசின்கள் நிரந்தரமாக இடம்பிடித்தன. 1960களின் இறுதியில் கையடக்கமான வாக்கி-டாக்கி வந்தது. எய்ட்ஸ் அச்சம் பரவிய 1980களில் ரப்பர் கையுறைப் பை, 1990களில் மிளகு ஸ்ப்ரே, 2000க்குப் பின் டேசர் எனப்படும் மின்னதிர்வுத் துப்பாக்கி, 2010களில் இரத்தப்பெருக்கை நிறுத்தக் கட்டும் டூர்னிக்கெட் பட்டை, போதைமருந்து மிகையால் மூச்சு நின்றவரை மீட்கும் நாலக்சோன் மருந்து என்று பட்டியல் நீண்டது. கைவிலங்கு, தடி, டார்ச் ஆகியவை முன்பே இருந்தன. இவற்றில் தேவையற்றது என்று ஒன்றை விலக்குவது எளிதன்று. சேர்ப்பதற்கு ஒரு நிகழ்வு போதுமாக இருந்தபோது, கழிப்பதற்கு எந்த நிகழ்வும் வருவதில்லை. பிரிட்டனிலும் 1990களில் நீளமான தடிகளும் கண்ணெரிச்சல் ஸ்ப்ரேயும் கத்திக்குத்துத் தடுப்பு அங்கியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, காற்சட்டைப் பைக்குள் ஒளிந்திருந்த காவலரின் கருவிகள் இடுப்புக்கு வெளியே வந்தன.

காவலர் உட்காரத் தொடங்கியது இதற்கு இணையாக நிகழ்ந்த மாற்றம். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல் தலைவர் ஆகஸ்ட் வோல்மர், தம் ஆட்களை முதலில் சைக்கிளிலும் பின்னர் மோட்டார் சைக்கிளிலும், 1910களில் காரிலும் ஏற்றினார். 1928இல் டெட்ராய்ட் காவல்துறை ரோந்துக் கார்களுக்கு ஒருவழி வானொலிச் செய்திகளை அனுப்பத் தொடங்கியது. 1933இல் நியூ ஜெர்சியின் பேயான் நகரில் காரிலிருந்து பதில் பேசும் வசதியும் வந்தது. வோல்மரின் மாணவரான ஓ. டபிள்யூ. வில்சன், ஒரு காருக்கு ஒரு காவலர் என்ற ஏற்பாட்டைத் திறமையான நிர்வாகமாக முன்வைத்துப் பரப்பினார். 1968இல் 911 என்ற அவசர அழைப்பு எண் வந்தபின், அழைப்புக்காகக் காரில் காத்திருப்பதே ரோந்தின் பெரும்பகுதியாயிற்று. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கணினி பொருத்தப்பட்டபோது, உடற்பகுதியை ஒரு பக்கம் திருகிக்கொண்டு தட்டச்சு செய்வதும் வேலையின் அங்கமாயிற்று. நடப்பவருக்காக வகுத்த பெல்ட் உட்காருபவரின் இடுப்பில் அப்படியே நீடித்தது.

உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்கிறது. நிற்கும்போது கீழ்முதுகில் இருக்கும் இயல்பான உள்வளைவு தட்டையாகிறது. கார் இருக்கையின் முதுகுச்சாய்வு அந்த வளைவைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். ஆனால், பெல்ட்டின் பின்புறத்தில் கைவிலங்குப் பையும் வேறு பைகளும் இருந்தால் இடுப்பு முன்னே தள்ளப்படுகிறது. கீழ்முதுகுக்கும் சாய்வுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. காவலர் கூன் போட்டு அமர்கிறார். வலப்புறத் துப்பாக்கி உறை இருக்கையின் பக்கவாட்டு மேட்டில் இடித்து, இடுப்பை ஒரு பக்கம் தூக்கித் திருப்புகிறது. உட்கார்ந்த உடலின் முதுகுத்தண்டு நொடிக்கு 4 முதல் 6 வரையான அதிர்வுகளுக்கு மிகுதியாக ஒத்ததிரும் இயல்புடையது. ஓடும் வாகனம் தரும் அதிர்வுகளில் அவையும் உண்டு. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் அழுத்தமானியைச் செலுத்தி அளந்த ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், நிற்கும்போதுள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால் சாய்வின்றி உட்காரும்போது அது 140 அளவுக்கு உயர்கிறது என்று காட்டினார். 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் நடந்த அளவீடு, தளர்வாக உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிடச் சற்றுக் குறைவே என்று கண்டு அந்தக் கருத்தைத் திருத்தியது. ஆகவே உட்காருவது தன்னளவில் கேடு என்று சொல்வதைவிட, தாங்கல் இழந்து, கோணி, அசையாமல், அதிர்வோடு நெடுநேரம் உட்காருவதே கேடு என்று சொல்வது பொருந்தும்.

பெல்ட்டின் கேடு முதுகோடு நிற்பதில்லை. இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே தொடையின் வெளிப்புறத் தோலுக்குச் செல்லும் உணர்ச்சி நரம்பு ஒன்று ஓடுகிறது. அது நெரிபட்டால் தொடையில் மரமரப்பும் எரிச்சலும் உண்டாகும். மெரால்ஜியா பரஸ்தெடிகா என்று இதற்கு 1895இல் பெயரிட்ட ரஷ்ய நரம்பியல் மருத்துவர் விளாதிமிர் ரோத், பெல்ட்டை இறுக்கிக் கட்டிய குதிரைவீரர்களிடம் இதைக் கண்டார். குதிரைப்படையின் பெல்ட் காவலருக்கு வந்தபோது, அதன் நோயும் உடன்வந்தது எனலாம். இடம் போதாமை இன்னொரு சிக்கல்; பெண்கள் ரோந்துப் பணிக்கு வந்தபோது அது மேலும் தெளிவாயிற்று. 1968இல் இண்டியானாபொலிஸ் நகரம் இரு பெண் காவலர்களை ரோந்துக் காரில் அனுப்பியது. 1972க்குப் பின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் உள்ளூர் அரசுகளுக்கும் விரிந்ததால் பெண்கள் எண்ணிக்கையில் வளர்ந்தார்கள். இடுப்பின் சுற்றளவு குறைந்தவருக்கும் அதே எண்ணிக்கைப் பொருள்கள்தாம். முன்புறத்தையும் முதுகெலும்புக்கு நேரான இடத்தையும் விட்டால் மிஞ்சும் இடத்தில் அவை அடங்குவதில்லை. இடுப்பு அகன்று உடற்பகுதி குறுகியவருக்குத் துப்பாக்கியின் பிடி விலாவில் குத்துமாறு உறை சாய்ந்து நின்றது.

மாற்றுக்கு வேண்டிய அடித்தளம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1965இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் கண்டறிந்த இழைகளின் ஆய்வு கெவ்லார் என்னும் வலுவான இழைக்கு வழிவகுத்தது; அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லெஸ்டர் ஷூபின் அதைக் காவலரின் அங்கிக்குப் பயன்படுத்த முயன்றார்; 1975இல் 15 நகரங்களின் காவலர்களுக்கு ஏறத்தாழ 5,000 அங்கிகள் சோதனைக்காக வழங்கப்பட்டன. சட்டைக்குள் அணிந்த அந்த அங்கி வியர்வையையும் புழுக்கத்தையும் தந்ததால், கழற்றி மாட்ட எளிதாக அதைச் சட்டைக்கு மேலே அணியும் உறைகள் பிற்பாடு தோன்றின. மேலே வந்த அங்கி, பைகளைத் தைக்க ஒரு பரப்பைக் கொடுத்தது. பைகளை மாட்டும் முறையைப் படைத்துறை தந்தது: 1990களின் இறுதியில் அமெரிக்கப் படை மேற்கொண்ட மோலி என்னும் சுமையமைப்பில், ஓரங்குல அகல நாடாக்கள் ஓரங்குல இடைவெளியில் வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கும், பையின் பின்புற வார்களை அவற்றுள் மாறிமாறி நுழைத்துப் பூட்டினால், எந்தப் பையையும் எந்த இடத்திலும் பொருத்தலாம். இவ்வாறு, குண்டிலிருந்து காக்க வந்த உடை சுமைதாங்கியாகவும் மாறியது.

அங்கி முதுகைக் காக்கிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. கனடாவின் மத்தியக் காவல்படையினரிடம் நடத்தி 1998இல் வெளியான ஆய்வு, கீழ்முதுகு வலி அவர்களிடையே பரவலாக இருப்பதைக் காட்டினாலும், ரோந்துக் காரும் பெல்ட்டும் மட்டுமே அதற்குக் காரணம் என்று நிறுவவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் ஓ கிளேர் நகரில், அங்குள்ள பல்கலைக்கழகமும் மேயோ கிளினிக் மருத்துவ அமைப்பும் 15 காவலர்களை 6 மாதங்கள் பின்தொடர்ந்தன. ஒவ்வொருவரும் பாதிக் காலம் பெல்ட்டையும் பாதிக் காலம் அங்கியையும் அணிந்து வேலை செய்தார்கள். அங்கி அணிந்த காலத்தில் இடுப்பு வலியும் கீழ்முதுகு வலியும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. ஸ்வீடனில் 21 காவலர்களின் நடையை முப்பரிமாணக் கருவிகளால் அளந்து 2016இல் வெளியான ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது: உடற்பகுதியும் இடுப்பும் அசையும் அளவு அங்கியில் குறைந்தது, பெல்ட், அங்கி ஆகிய இரண்டிலும் கைகள் உடலைவிட்டு விலகி நின்றன, மூன்று மாதங்களுக்கு மேல் பழகியபின் அங்கியால் நேர்ந்த மாறுதல்கள் தணிந்தன, காவலர்கள் அங்கியையே விரும்பினார்கள். ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று தீர்ப்பளிக்க மறுத்த அந்த ஆய்வாளர்கள், தேர்வைக் காவலரிடமே விடுவது தகும் என்று முடித்தார்கள். ஓ கிளேரில் வலி கேட்டறியப்பட்டது, ஸ்வீடனில் நடை அளக்கப்பட்டது என்ற வேறுபாட்டை மனத்தில் கொண்டால், இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பது தெரியும். நடக்கும்போது அங்கி சற்றுத் தடையாகவும், காரில் அமரும்போது ஆறுதலாகவும் இருக்கக்கூடும்.

அங்கிக்கு எதிர்ப்பும் இருந்தது. மார்பெங்கும் பைகள் தொங்கும் காவலர் போர்வீரரைப் போலத் தோன்றுவார், மக்கள் அவரை அணுகத் தயங்குவார்கள் என்று நகர நிர்வாகங்கள் அஞ்சின. பீல் நீலநிறத்தைத் தேர்ந்ததற்குப் பின்னிருந்த அதே கவலை இது. சீருடைச் சட்டையின் துணியிலேயே, பொத்தான் வரிசையும் பைமூடியும் இருப்பது போலத் தைத்த அங்கிகள் இதற்குத் தீர்வாக வந்தன. மருத்துவரின் சான்று இருந்தால் மட்டும் அங்கி அணியலாம் என்ற விதி சில துறைகளில் இருந்தது. வலி வந்தபின் மருந்தாக மட்டுமே அங்கியை அனுமதித்த இந்த விதி, வருமுன் காப்பதைத் தள்ளிப்போட்டது. கைத்துப்பாக்கி மட்டும் பெரும்பாலும் இடுப்பிலேயே நின்றது. ஆண்டுக்கணக்கான பயிற்சியில் கை தானாகச் செல்லும் இடத்தை மாற்றுவது ஆபத்து என்பதே காரணம். டேசர் என்று எண்ணிப் பிஸ்டலை உருவிச் சுட்டு உயிர்போன நிகழ்வுகள் நடந்திருப்பதால், இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும் என்ற விதியும் அங்கியின் அமைப்பைக் கட்டுப்படுத்துகிறது. வெப்பநாட்டில் கவச அங்கியின் புழுக்கம் தனிச் சுமை. கையில் லத்தியோடு நடந்தும் நின்றும் பணிசெய்யும் தமிழ்நாட்டுக் காவலருக்கு அமெரிக்க அங்கியை அப்படியே பரிந்துரைப்பதற்கில்லை என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் படைவீரரின் சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியதும், இன்று காவலரின் சுமை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறுவதும் முரண்பாடு போலத் தோன்றினாலும், முன்னவர் நடந்தார், பின்னவர் உட்காருகிறார் என்பதை அறிந்தபின் முரண் மறைகிறது. எனினும் அங்கி எடையைக் குறைக்கவில்லை, இடத்தை மட்டுமே மாற்றியது. பைகள் மாட்ட இடம் கூடியிருப்பதால் இன்னும் சில பொருள்கள் ஏறும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. அப்போது வலி கழுத்துக்கும் தோளுக்கும் நகரும். பார்க்ஸின் குழு படைவீரரின் மூட்டையையும் வார்களையும் உடலையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தது. காவலருக்கோ பெல்ட், அங்கி, கார் இருக்கை, கணினி ஆகிய ஒவ்வொன்றையும் வெவ்வேறு அலுவலகங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கித் தந்தன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து, எது ஏறவேண்டும் என்பதோடு எது இறங்கவேண்டும் என்பதையும் முடிவு செய்யும் பொறுப்பு ஓரிடத்தில் அமையாதவரை, எந்த உடையும் அரைகுறைத் தீர்வாகவே இருக்கும்.